தம்

மறுபடியும் அந்தச் சத்தம். டக். கொஞ்சம் பொறுத்து, டக். யாரோ இருட்டில் நின்றுகொண்டு ஒற்றைக் காலைத் தூக்கித் தரையில் அடிப்பது மாதிரி. பெர்னதெத் தூளியை ஆட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். மாடிப்படியா? படியாக இருந்தால் சத்தம் ஏறி வரும், இல்லையென்றால் இறங்கிப் போகும். இது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, நின்ற இடத்திலேயே நின்று அடிக்கிறது. இந்த மாடி அறைக்கு வந்து ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் போய்விட்டன, இதன் சத்தங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிவது, பக்கத்து மனையின் முருங்கைக் கிளை தகரத்தில் உரசுவது, கீழே ஓனரம்மாவின் மிக்சி, யூனிவர்சிட்டி வாசலில் பஸ் கியர் மாற்றித் திரும்புவது. அந்த வரிசையில் இது இல்லை. இன்றைக்கென்று பார்த்துப் புதிதாகப் பிறந்திருக்கிறது. போய்ப் பார்க்கலாம் என்றால் கதவுப் பக்கம் போக வேண்டும், அந்தப் பக்கம் போக அவளுக்குக் கால் வரவில்லை. கதவு இன்றைக்கு வெறுமனே சாத்தியிருக்கிறது. தாழ்ப்பாள் போடாதே என்று கோகிலா அக்கா காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள். "எட்டு மணி சீரியல் ஆரம்பிச்சதும் வந்துர்றோம் பெர்னி. அந்த நேரத்துல உங்க ஓனரம்மா தலையில இடி விழுந்தாலும் திரும்பிப் பாக்காது. நீ பால் குடுத்துத் தூங்க வச்சிரு. தாழ்ப்பாள் மட்டும் போடாத, கதவைத் தட்டினா புள்ள முழிச்சுக்கும். நீ எந்திரிக்கக்கூட வேணாம். நாங்களே தூக்கிக்கிறோம்." நாங்களே தூக்கிக்கிறோம். காலி சிலிண்டரை எடுக்க வருகிறவன் பேசுகிற மாதிரி. அவளும் சரி என்றாள். புருஷனின் அக்கா, கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் வயிறு திறக்காதவள், இந்த அறைக்கு வாடகை கொடுக்கிறவள், ஓசூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு புறப்பட்டிருப்பாள், பின் சீட்டில் புது மெத்தை விரித்திருப்பாள், ரோஜாப்பூ போட்ட மெத்தை, போட்டோகூட அனுப்பினாள். தூளிக்குள்ளிருந்து ஒரு பாதம் வெளியே வந்து காற்றை உதைத்தது. இன்னும் தூங்கவில்லை. தூங்கிவிடாதே, என்று நினைத்தாள். அப்படி நினைத்த உடனே பயந்து, தூங்கு, தூங்கு என்று கையை ஆட்டினாள்.

டக். ஹீல் அடிக்கிற சத்தம்தான், வேறென்ன. யூனிவர்சிட்டி மைதானத்தில் சனிக்கிழமைக் காலைகளில், மாணவர் படைப் பரேடில், வரிசை முழுக்க ஒரே நேரத்தில் அடித்தால் இப்படித்தான் கேட்கும். யாராவது ஒருவன் மட்டும் பிந்தினால் இப்படித் தனியாகக் கேட்கும். பிந்துகிறவன் எப்போதும் யுகேந்திரன்தான், அன்றைக்கு வகுப்புத்தோழன், இன்றைக்குப் புருஷன். ராஜஸ்தானிலிருந்து வந்த ஹவில்தார் மீசையைத் தடவிக்கொண்டு, விறைத்து நிற்கச் சொல்லி, "சாவ்தான்" என்று முதன்முதலாகக் கத்திய அன்றைக்கே பின்வரிசையிலிருந்து அவன் முணுமுணுத்தான், "ஆமா சார், சாவுதான்." இருபது தோள்கள் குலுங்கின. அவளுக்கும் சிரிப்பு வந்தது, கான்வென்ட் பழக்கத்தில் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டாள். அப்புறம் "தம்." நடந்துகொண்டிருக்கிறவர்கள் நிற்பதற்கு அதுதான் சொல். அந்தச் சொல் காதில் விழுந்த மறு அடியில் கால் தரையில் இறங்கிவிட வேண்டும், அதற்கப்புறம் இமைகூட அசையக் கூடாது. "நம்ம ஊர்ல தம்னா மூச்சைப் பிடி, இவங்க ஊர்ல தம்னா நில்லு," என்றான் யுகி, கேன்டீனில். "ரெண்டும் ஒண்ணுதான்டி. மூச்சு விட்டா இந்த ஆளு கொன்னுருவாரு." இரண்டாம் வருஷம் அவளை அண்டர் ஆபீசர் ஆக்கினார்கள். பெண்பிள்ளையின் குரல் பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த கன்னியர் மடத்திலிருந்து வந்தவள். முதல் நாள் அவள் கொடுத்த கட்டளை மூன்றாவது வரிசைக்கே போகவில்லை. ஹவில்தார் தன் தொப்பையைத் தட்டித் தட்டிக் காட்டினார், "பேட் சே! பேட் சே!" தொண்டையிலிருந்து வேண்டாம், வயிற்றிலிருந்து வரட்டும். வந்தது. எங்கே இருந்தது அது அத்தனை வருஷமும், அவளுக்கே தெரியாமல்? கொக்குகள் மைதானத்துப் புளியமரத்தை விட்டு எழுந்து பறந்தன. அவள் "தம்" என்றால் யுகேந்திரனும் நின்றான். சிரிக்காமல் நின்றான். பிரசவத்தன்றைக்கும் அந்தச் சொல் வந்தது, அதை நினைத்தால் அழுவதா சிரிப்பதா என்று இப்போதும் தெரியவில்லை. வலி உச்சத்தில் நர்ஸ் குனிந்து, "தம் பிடிம்மா, தம்!" என்றாள். மூன்று வருஷத்துப் பழக்கம். உடம்பு அப்படியே நின்றுவிட்டது. கையிரண்டும் பக்கவாட்டில் ஒட்டி, முஷ்டி மடங்கி, தாடை உயர்ந்து, விறைத்துப்போய்க் கிடந்தாள். "ஏம்மா கட்டை மாதிரி கெடக்கே? மூச்சைப் பிடிச்சு முக்கும்மா! இங்க என்ன குடியரசு தின விழாவா நடக்குது?" அந்த நர்ஸுக்கு என்ன தெரியும், சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரிகூட அந்த வலியிலும் சிரித்தாள். அப்புறம் குழந்தையைத் துடைத்து எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "கோகிலவாணி! கோகிலவாணி யாரும்மா, பொம்பளப் புள்ள!" என்றாள். பெர்னதெத் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா பெயரில் சேர்த்தால் அவள் புருஷன் மாமாவின் இன்ஷூரன்ஸில் செலவு போய்விடும், வேறொன்றும் இல்லை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். வேறொன்றும் இல்லை. தன் பிள்ளையை முதல்முறை கையில் வாங்குவதற்கு அடுத்தவள் பெயருக்கு "நான்தான்" என்று சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயரை அக்கா வைப்பாள் என்பது பேச்சு. தனியாக இருக்கும்போது பெர்னதெத் எப்சி என்று கூப்பிடுகிறாள். யாராவது கேட்டால் கிறிஸ்தவப் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள், எந்தப் புனிதையின் பெயரும் இல்லை அது, சந்தானகிருஷ்ணன் சார் கரும்பலகையில் வளைத்து எழுதுகிற கிரேக்க எழுத்து, எப்சிலான். கணக்கில் அனாலிசிஸ் வகுப்புக்கு மூன்று வருஷமும் அவர்தான். பரேடு முடிந்து அவளும் யுகியும் காக்கிச் சட்டையோடு வியர்த்து வழிந்து வாசலில் நின்றால், சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க வாங்க, யூனிஃபார்ம் கன்டினியூட்டி வந்தாச்சு" என்பார். மூன்று வருஷமும் அதே ஜோக், மூன்று வருஷமும் வகுப்பு சிரித்தது. யுகிக்கு அந்த ஜோக்கில் கன்டினியூட்டி, அதாவது கோடு அறாமல் தொடர்வது, எது என்று கடைசிவரை புரியவில்லை. மைதானத்துப் படிக்கட்டில் உட்கார வைத்து எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருப்பாள். இவ்வளவுக்கு மேல தப்பு வரக் கூடாதுன்னு எதிராளி ஒரு எப்சிலான் கொடுப்பான்டா. எவ்வளவு சின்னதாகவும் கொடுக்கலாம், ஆனால் பூஜ்யத்தைவிடப் பெரிசு. அதை நீ மாற்ற முடியாது, அது கொடுத்தது. அதற்குத் தகுந்த டெல்டாவை, எவ்வளவு தூரம் நகரலாம்ங்கிற அளவை, நீ கண்டுபிடிக்கணும், உன் வேலை அதுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தனி டெல்டா வேண்டியிருந்தால் வெறும் கன்டினியூட்டி. எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா போதும் என்றால்தான் யூனிஃபார்ம். "ரெண்டும் ஒண்ணுதான?" என்பான். "வார்த்தை ஒண்ணுதான், வரிசைதான் வேற. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி இருக்குன்னு சொல்றதும், ஒரு சாவி இருக்கு, அது ஒவ்வொரு பூட்டுக்கும் சேரும்னு சொல்றதும் ஒண்ணா?" "ரெண்டாவது கள்ளச்சாவி." "ஆங். அதுதான் யூனிஃபார்ம்." "அப்ப என்னைக் கள்ளச்சாவியா வச்சுக்க பெர்னி" என்று கண்ணடித்தான். தேர்வில் மறுபடியும் வரிசையை மாற்றி எழுதினான், மறுபடியும் சார் சிவப்பு மையில் வட்டம் போட்டார். அவளுக்கு அந்தத் தப்பு ஒருநாளும் வந்ததில்லை. தாளில் வந்ததில்லை. விஷயம் தெரிந்து அவள் அப்பா அவள் போனை எடுப்பதை நிறுத்திய பிறகு, கோகிலா அக்காவும் மாமாவும் மட்டும் நிற்க, மலையடிவாரத்து முருகன் கோயிலில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு யுகி சொன்னான், "உனக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் அதுக்கு நான் ஒரு வழி பண்ணுவேன்." எந்தக் கஷ்டம் வந்தாலும், ஒரு வழி. கேட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கணக்கில் தங்க மெடல் வரும் என்று துறை முழுக்கப் பேச்சு; அவள் அதை யூனிஃபார்ம் என்று எடுத்துக்கொண்டாள். ஒரே ஆள், ஒரே வழி, எல்லா நாளைக்கும். அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் ஆத்திரம். ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஒரு வழி தனித்தனியாகச் செய்துகொண்டுதான் வந்தான். வயிற்றில் தங்கியதும் ஒரு வழி, மஞ்சள் கயிறு. வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஒரு வழி, இந்த மாடி அறை. வலி எடுத்ததும் ஒரு வழி, அக்கா பெயர். ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சின்னது. போனும் அப்படித்தான், முதலில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், அப்புறம் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு, அப்புறம் வெறும் கட்டைவிரல் படம். பூஜ்யத்தை நெருங்க நெருங்க டெல்டா சுருங்கிக்கொண்டே போகும் ஃபங்ஷன்கள் உண்டு, சார் வரைந்து காட்டியிருக்கிறார், செங்குத்தாக ஏறிக்கொண்டே போகும் கோடு, பலகை முடிந்து சுவரில் ஏறி, "இனிமே கூரையிலதான் எழுதணும்" என்று அவர் எக்கி நின்றது.

"பாப்பா அம்மா! மேல கரண்டு இருக்கா?" கீழேயிருந்து ஓனரம்மா. ஜன்னல் வழியாக எட்டி, "இருக்கும்மா" என்றாள். "எனக்கு லோ வோல்டேஜா வருது. இப்பப் போச்சுன்னா நான் செத்தேன், இன்னிக்கு அந்தச் சண்டாளி மாட்டிக்கிற நாளு." "எந்தச் சண்டாளி?" "அதான், மாமியாக்காரி, நகையத் தூக்கி மருமக பொட்டிக்குள்ள வச்சால்ல? ஏன், ஒனக்குக் கதையே தெரியாதா? நீதான் டிவி இல்லாம சன்னியாசியா இருக்கியே. துபாய்க்காரரு வரும்போது ஒண்ணு வாங்கியாரச் சொல்லு." "சொல்றேம்மா." "இன்னிக்கு ஞாயித்துக்கெழமையாச்சே, போன் பண்ணலையா ராசா?" "பண்ணுவாரு." "பண்ணட்டும், பண்ணட்டும். ஆம்பளைங்களுக்குத் தூரம் போனா ஞாபகம் போயிரும், நம்மதான் சொரண்டிக்கிட்டே இருக்கணும்." சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். துபாய் என்பதும் கோகிலா அக்காவின் ஏற்பாடு. யுகி இருப்பது துபாயில் இல்லை, ராணுவ அதிகாரியாவதற்கான பயிற்சியில். அங்கே சேருகிறவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, பயிற்சி முடியும்வரை ஆகவும் கூடாது. ஆகவில்லை என்று சொல்லித்தான் சேர்ந்தான். அதனால் பெர்னதெத் என்று ஒருத்தி அவனுக்கு இல்லை. இல்லாத ஒருத்திக்குக் குழந்தை எப்படி இருக்கும்? துபாய்க்காரனின் பெண்டாட்டி மட்டும் இந்த மாடியில் இருக்கிறாள். ஓனரம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டால்? அம்மா, இன்றைக்கு என் பிள்ளையை எடுத்துக்கொண்டு போக வருகிறார்கள் என்று? சீரியலைவிடப் பெரிய கதை. ஆனால் அடுத்த வீட்டுக்கு அடுத்த நிமிஷம் போய்விடும், அங்கிருந்து யூனிவர்சிட்டிக்கு, அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது அவளால் என்று ஆகிவிடும். டக். ஓனரம்மாவுக்கு இந்தச் சத்தம் கேட்கவில்லையா, கேட்டிருந்தால் கேட்டிருப்பாளே, என்னம்மா மேல இடிக்கிறேன்னு. அப்படியானால் இது எனக்கு மட்டும் கேட்கிறதா?

அவளுக்கும் அழைப்பு வந்தது. இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், சில நாள் அவளே நம்புவதில்லை. ராணுவ அதிகாரித் தேர்வுக்கு வரச் சொல்லி இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் வந்தது, பெங்களூருக்கு. நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், கூட்டத்தில் எப்படிப் பேச வேண்டும், எல்லாம் அவள்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள், அதே மைதானத்துப் படிக்கட்டில், அதே கள்ளச்சாவிக்கு. தினமும் காலையில் புளியமரத்தடியில் வாந்தி எடுத்துவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து சொல்லிக்கொடுத்தாள். "நீ வந்தா மெடிக்கல்ல தெரிஞ்சிரும் பெர்னி," என்றான். "ஒருத்தர் போனா ரெண்டு பேரும் போன மாதிரிதான." அவன் போனான். தேர்வாகித் திரும்பி வந்து, நேர்முகத்தில் கேட்டதையெல்லாம் குதித்துக் குதித்துச் சொன்னான். "உன்கிட்ட தலைமைப் பண்பு எங்க இருக்குன்னு கேட்டாரு. மத்தவங்களைக் கூட்டிட்டுப் போறதைவிட, எந்த இடத்துல நிறுத்தணும்னு தெரிஞ்சிருக்கிறதுதான் சார் முக்கியம்னேன். அந்த ஆளு எழுந்து கை குடுத்தாருடி!" அது அவள் வாக்கியம். ஒரு மழை நாளில் அவள் சொன்னது. அவளுடைய வாக்கியம் தேர்வாகிவிட்டது, கேசத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டது, அவள் பிளாட்பாரத்தில் நின்றாள், துப்பட்டாவை வயிற்றுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு. போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது பின்னால் முகாமில் பியூகிள் ஊதுவது கேட்டது. "எவனோ போட்டுக் குடுத்துட்டான் பெர்னி. நம்ம பேட்ச்ல எவனோதான். விசாரிக்க ஆள் வந்தா அங்க புள்ள இருக்கக் கூடாது. அக்கா எடுத்துட்டுப் போகட்டும்." "எத்தனை நாளைக்கு?" "பயிற்சி முடிஞ்சு கமிஷன் ஆகற வரைக்கும்." "அப்புறம்?" "அப்புறம் போஸ்டிங் தெரியணும்ல." "அப்புறம்?" "நல்லா யோசிச்சுப் பாரு. கல்யாணம் இப்பத்தான் ஆச்சுன்னு சொல்லிட்டு நடக்கத் தெரிஞ்ச புள்ளையோடயா போய் நிப்போம்? அக்காகிட்டயே வளரட்டுமே. அவளும் பாவம்ல. பேரும் அவ பேர்லதான இருக்கு. நமக்கு என்ன வயசா ஆயிருச்சு, அப்புறமா பெத்துக்கலாம். நீயும் எம்.எஸ்ஸி. சேந்துக்க. இல்லாட்டி என் வாழ்க்கையே போயிரும் பெர்னி." என் வாழ்க்கை. அப்புறமா பெத்துக்கலாம். சரி, என்றாள். இதைத்தான் ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறாள், கல் மாட்டிய சோறு மாதிரி துப்பவும் முடியாமல். ஏன் சரி என்றாள்? கான்வென்டில் ஏ பி சி டி சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் எஸ் சிஸ்டர் என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். மைதானத்தில் எஸ் சார். அந்த முருகன் கோயிலில் ஐயர் என்ன கேட்டார் என்றே காதில் விழவில்லை, அதற்கும் ம் என்றாள். சரி என்பது வாயில் முதலில் வந்துவிடுகிறது, கேள்வி அப்புறம்தான் வருகிறது. வரிசை மாறிவிடுகிறது. இதற்கு எந்தச் சார் சிவப்பு வட்டம் போடுவார்?

தூளி அசைந்தது. முதலில் முனகல், அப்புறம் அந்த அழுகை, பெரிதாக இல்லை, கதவின் கீல் மாதிரிச் சின்னதாக. அழுகை காதை எட்டும் முன்பே பால் சுரந்துவிட்டது, ரவிக்கை நனைந்து வயிற்றில் சில்லென்று வழிந்தது. இந்த உடம்பு யாரைக் கேட்டுச் சுரக்கிறது? நாளைக் காலையிலும் இப்படித்தான் சுரக்கும், ஓசூரில் யாரோ அழுதால் இங்கே நனையும், அதை எதில் பிடித்து எங்கே கொட்டுவது? வாஷ்பேசினிலா? குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிடித்துக்கொண்டது. ஒரு கை மட்டும் வெளியே நீண்டு அவள் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தது, மஞ்சள் போய் அழுக்கேறிய கயிறு. இவ்வளவு சின்னக் கை. நகம் இருக்கிறதா என்று விளக்கில் பிடித்துப் பார்க்க வேண்டிய கை. எவ்வளவு சின்னதாகவும் இருக்கலாம். கீழே சீரியலின் பாட்டு ஆரம்பித்தது, ஓனரம்மா சத்தத்தைக் கூட்டினாள், மாமியார் மாட்டிக்கொள்ளப் போகிறாள். பால் குடிக்கிற வாய் நழுவி மறுபடியும் தேடியது. எவ்வளவு சின்னதாகவும் இருக்கலாம், ஆனால் பூஜ்யத்தைவிடப் பெரிசு. கொடுத்தது. யுகி இந்தத் தடவை கண்டுபிடித்திருக்கும் வழி என்ன? டெல்டா கிடைக்கவில்லை, அதனால் எப்சிலானை எடுத்துவிடலாம் என்கிறான். மக்குப் பயலே. அதை எழுதினால் சந்தானகிருஷ்ணன் சார் வட்டம்கூடப் போட மாட்டார், பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, கொடுத்ததை மாத்த நீ யாருய்யா என்று கேட்பார். கொடுத்ததை மாத்த நீ யாரு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கன்னத்தைக் கடிக்கவில்லை, ஆனால் சிரிப்பு வெளியே வந்தபோது அது வேறு எதுவாகவோ இருந்தது, குழந்தை குடிப்பதை நிறுத்தி அவளைப் பார்த்தது. டக். அப்போதுதான் கண்ணில் பட்டது. கதவு. சாத்தியிருந்த கதவு ஒரு விரல்கடை உள்ளே வந்து, போய் நிலையில் இடித்தது. சமையல் மேடைக்கு மேலே இருக்கிற ஜன்னலிலிருந்து காற்று வருகிறது, கதவை இழுக்கிறது, விடுகிறது. டக். வேறு யாரும் இல்லை. தினமும் பொழுது சாய்வதற்கு முன்னால் தாழ்ப்பாள் போட்டுவிடுவாள், அதனால் இந்தக் கதவுக்கு இப்படியொரு குரல் இருப்பதே தெரியாமல் போய்விட்டது. சாயங்காலத்திலிருந்து தன் கதவைக் கேட்டேதான் பயந்துகொண்டிருந்தாளா?

கீழே கார் நின்றது. இன்ஜினை அணைக்கவில்லை. கார்க் கதவு மெத்தென்று சாத்தப்பட்டது, பிள்ளை முழிக்காமல் சாத்துகிற சாத்தல். எழுந்தால் என்ன ஆகும்? நாளைக்கு வாடகை யார் கொடுப்பார்கள், அவன் திரும்பி வந்தால் என்ன செய்வான், அவன் வாழ்க்கை போய்விட்டால் அந்தப் பாவம் யார் தலையில், அப்பா வாசலில் ஏற்றுவாரா, யாரிடம் போய் இது என் பிள்ளை என்று சொன்னாலும் கோகிலவாணி யாரும்மா என்று கேட்பார்களே. ஒன்றுக்கும் விடை இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும், தேடுவதற்குள் ஆள் மேலே வந்துவிடும். படியில் செருப்புச் சத்தம். இது ஏறி வருகிற சத்தம், சந்தேகமே இல்லை, அதோடு கண்ணாடி வளையல். பின்னால் மாமாவின் கனத்த மூச்சு, "மெதுவா, மெதுவா" என்று. பெர்னதெத் எழுந்துவிட்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியாது, குழந்தை இடது தோளில் கிடந்தது, ஈரமான வாய் கழுத்தில் ஒட்டியிருந்தது. இந்தத் தாழ்ப்பாள் லேசில் விழாது, கதவைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலால் முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் தள்ள வேண்டும். அவளிடம் இருப்பது ஒரு கை. முழங்காலை வைத்தாள். அந்தப் பக்கமிருந்து கதவு உள்ளே அழுந்தியது. "பெர்னி?" என்று ரகசியக் குரல். "என்னம்மா, கதவு இறுகிக்கிச்சா? ஏங்க, கொஞ்சம் தள்ளுங்க." விரல்கடை, இரண்டு விரல்கடை. இடுக்கில் ஒரு ரோஜாப்பூத் துணி தெரிந்தது, பிள்ளையைச் சுற்றுவதற்காகக் கையோடு கொண்டுவந்தது. "நீதான் பிடிச்சிருக்கியா? விடும்மா, வாடா தங்கம், அதான் சரின்னு சொன்னீல்ல?" சரி என்று சொன்னாள். சொன்னாள்தான். வாயைத் திறந்தாள், சரி முதலில் வந்துவிடுமோ என்று பயந்தாள், அது தொண்டையில்தான் இருந்தது, தொண்டையில் இருப்பதை விட்டுவிட்டு, அதற்கும் கீழே, பிள்ளை பெற்றுச் சுருங்கியும் சுருங்காமலும் கிடக்கிற இடத்திலிருந்து, ஹவில்தார் தட்டித் தட்டிக் காட்டிய இடத்திலிருந்து எடுத்தாள்.

"தம்!"

படிச்சுவரெல்லாம் அதிர்ந்தது. அந்தப் பக்கம் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு அவர்களுக்கு எந்த அர்த்தமும் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் வளையல் நின்றது, மூச்சு நின்றது. கீழே டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது. "என்னம்மா, மேல என்ன?" என்று ஓனரம்மா வாசலுக்கு வருகிற சத்தம் கேட்டது. தோளில் கிடந்த குழந்தை மட்டும் பயப்படவில்லை, வயிற்றுக்குள் இருந்தபோதே இந்தக் குரலைக் கேட்டிருக்கிறது. அவள் கதவைத் தோளால் நிலையோடு சேர்த்தாள், முழங்காலால் தூக்கினாள், ஒற்றைக் கையால் தாழ்ப்பாளைத் தள்ளினாள். தோல் உரிந்தது. அது பாதி போய் நின்றது, இன்னொரு தள்ளலில் நிலையின் ஓட்டைக்குள் முழுக்கப் போய் உட்கார்ந்தது. சமையல் ஜன்னலிலிருந்து காற்று வந்து கதவை இழுத்துப் பார்த்தது. அந்தச் சத்தம் வரவில்லை.